போரைடிங் செய்த தகடு: ஒரே துண்டின் டஃப்னெஸுக்கு 2.9, 4.6 என்று இரண்டு ரிப்போர்ட். எதை நம்புவது?

ரத்மலானைப் பட்டறை | திங்கள் இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். வாய்க்கால், தங்கொட்டுவை ஊர்ப் பக்கத்துக் கூரை ஓட்டுத் தொழிற்சாலைகளுக்கு எக்ஸ்ட்ரூடர் (களிமண்ணைப் பிதுக்கும் மெசின்) வாய்த் தகடு செய்து கொடுக்கிறேன். களிமண்தான் என்றாலும் மணல், சிறு கல் எல்லாம் சேர்ந்து வரும். வெறும் உருக்குத் தகடு கொஞ்ச நாளிலேயே தேய்ந்து வாய் அகன்றுவிடும். அதனால் போன வருடம் போரைடிங்குக்கு (உருக்கின் தோலுக்குள் போரனை ஏற்றிக் கடினமாக்கும் முறை) மாறினேன். சி45 உருக்கு, தூளுக்குள் புதைத்து 900 பாகையில் 6 மணித்தியாலம். மேலே வளர்ந்த கடினப் படை ஏறத்தாழ 120 மைக்ரோன்.

தேய்மானம் நின்றது உண்மை. இப்போது தலையிடி வேறு. விளிம்பில் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுகிறது. ஒரு கல் பட்டால் போதும்.

வாடிக்கையாளர் "டஃப்னெஸ் (விரிசல் ஓடாமல் தாங்கும் வலு) எவ்வளவு?" என்று கேட்டார். ஒரே தகட்டை இரண்டாக வெட்டி இரண்டு இடத்தில் கொடுத்தேன். ஒன்றில் 2.9, மற்றதில் 4.6. அலகு இரண்டிலும் மெகாபாஸ்கல் ரூட் மீற்றர். இரண்டிலும் சீல் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. காசும் இரண்டு தரம் போயிற்று. எது சரி?

கொட்டாஞ்சேனை லேத் | திங்கள் இரவு 10:15

தம்பி, கண்ணுக்கு முன்னால் கழன்று விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் என்ன அளவு வேண்டும்? எங்கள் காலத்தில் அரத்தை வைத்து இழுப்போம். அரம் வழுக்கினால் கடினம். பிறகு விளிம்பில் சுத்தியலால் ஒரு தட்டு. பறந்தால் கூடாது, பறக்காவிட்டால் நல்லது. சீல் வைத்த காகிதம் களிமண்ணுக்குத் தெரியாது.

கட்டுபெத்தைப் பழையவன் | திங்கள் இரவு 11:03

அண்ணை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சுத்தியல் தட்டு நாளைக்கு மாறும், கை மாறினாலும் மாறும். செய்முறையை மாற்றிவிட்டு "கூடியதா, குறைந்ததா" என்று பார்க்க ஓர் எண் வேண்டும்.

கடினத்தன்மை வேறு, டஃப்னெஸ் வேறு. உயர்தரத்தில் தகைப்பு, விகாரம் படித்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: ஏற்கெனவே ஒரு விரிசல் இருக்கிறது, அது ஓடத் தொடங்குவதற்கு நுனியில் எவ்வளவு தகைப்புக் குவிய வேண்டும் என்பதுதான் டஃப்னெஸ். ஜன்னல் கண்ணாடிக்கு 0.7, 0.8 அளவில் வரும். அலுமினாவுக்கு 3, 4. நல்ல கட்டுமான உருக்கு நூறைத் தாண்டும். உங்கள் இரண்டு எண்ணும் பீங்கான் பக்கம்தான் நிற்கின்றன. போரைட் படை உருக்கின் மேல் வளர்ந்த பீங்கான் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

உருக்குக் கட்டியாக இருந்தால் விரலளவு மாதிரி வெட்டி, பிளவு போட்டு, இழுத்துப் பார்க்கலாம். 120 மைக்ரோன் படையில் அந்த மாதிரியை எங்கே வெட்டுவது? அதனால்தான் எல்லோரும் விக்கர்ஸ் குழிக்குப் போகிறார்கள். வைர முனையால் அழுத்தினால் சதுரக் குழி விழும். நொறுங்கும் பொருள் என்றால் நான்கு மூலையிலிருந்தும் விரிசல் கிளம்பும். நீண்டால் டஃப்னெஸ் குறைவு, குறுகினால் கூட. ஸ்வீடனில் பாம்க்விஸ்ட் 1957 இல் கார்பைட் வெட்டுக்கருவிகளுக்காக இந்த வழியை எழுதினார். இன்று எங்கும் ஓடும் சூத்திரம் 1981 இல் அன்ஸ்டிஸும் கூட்டாளிகளும் எழுதியது. ஆனால் இரண்டும் கட்டியான பொருளுக்கு வந்தவை. மெல்லிய படைக்கு நாங்கள் கடன் வாங்கி ஓட்டுகிறோம்.

பஞ்சிகாவத்தை நானா | செவ்வாய் காலை 7:20

இது கிராங்க் தண்டுக்குச் செய்யும் நைட்ரைடிங்குக்கும் (நைதரசன் ஏற்றிக் கடினமாக்குவது) பொருந்துமா? மேலே வெள்ளைப் படை என்று ஒன்று வருமே, 10 மைக்ரோன் அளவில். ஒரு வாடிக்கையாளர் அதற்கும் இந்த எண் கேட்டு உயிரை எடுக்கிறார்.

வெள்ளவத்தை மைக்ரோன் | செவ்வாய் காலை 8:05

நானா, அந்த வாடிக்கையாளருக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: இடமில்லை. விக்கர்ஸ் 900 கடினத்தன்மையில் 25 கிராம் வைத்தாலே குழியின் மூலைவிட்டம் 7 மைக்ரோனைத் தாண்டும். 10 மைக்ரோன் படையில் விரிசல் ஓட மிச்சம் எங்கே? போதாததற்கு வெள்ளைப் படையின் மேற்பகுதி துளைத்துளையாக இருக்கும். கிராங்க் என்றால் பொதுவாக அதை உரசி எடுத்துவிடுவதுதான் வழக்கம்.

ரத்மலானை அண்ணாவுக்கு: நான் ஒரு சோதனைக்கூடத்தில்தான் வேலை, உங்கள் இரண்டில் எதுவும் இல்லை. எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இவற்றைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை கிராம் சுமை? குழி மேலே போட்டதா, வெட்டு முகத்திலா? வெட்டு முகம் என்றால் விளிம்பிலிருந்து எத்தனை மைக்ரோனில்? நான்கு விரிசலையும் அளந்தார்களா, இரண்டை மட்டுமா? எந்தச் சூத்திரம்? படம் இருந்தால் படமும். நீங்கள் காசு கொடுத்தவர், தர மறுக்க முடியாது.

ரத்மலானைப் பட்டறை | புதன் மாலை 5:31

தங்கச்சி, கேட்டு வாங்கினேன். ஒரு இடத்தில் உடனே அனுப்பினார்கள். மற்ற இடத்தில் "நேற்றுப் போயா, இன்று ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கடைசியில் அனுப்பினார்கள்.

2.9 தந்தவர்கள்: வெட்டு முகம், 200 கிராம், விளிம்பிலிருந்து 15 மைக்ரோன். மேற்பரப்புக்கு இணையாக ஓடிய இரண்டு விரிசலை மட்டும் அளந்திருக்கிறார்கள். அன்ஸ்டிஸ் சூத்திரம்.

4.6 தந்தவர்கள்: வெட்டு முகம், 50 கிராம், படையின் நடுவில். நான்கு விரிசலின் சராசரி. நீஹாரா என்பவரின் சூத்திரம். குழி மூன்றுதான்.

படத்தில் வெளிப்பக்கம் 30 மைக்ரோன் அளவுக்குக் கொஞ்சம் கறுப்பாக ஒரு பட்டி தெரிகிறது. அது என்ன?

வெள்ளவத்தை மைக்ரோன் | புதன் இரவு 8:50

அந்தக் கறுப்புப் பட்டிதான் முதல் விஷயம். உங்கள் படை ஒன்றல்ல, இரண்டு. வெளியில் ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு போரன் உள்ள போரைட். உள்ளே இரண்டு இரும்புக்கு ஒரு போரன். நைட்டல் (உருக்கு முகத்தை அரித்துக் காட்டும் அமிலக் கலவை) ஊற்றினால் வெளிப் படை இப்படிக் கறுத்துக் காட்டும். வெளிப் படை கூடுதல் கடினம், கூடுதலாக நொறுங்கும். ஆக முதல் இடத்தார் வெளிப் படையை அளந்தார்கள், இரண்டாம் இடத்தார் உள் படையை. இரண்டு வேறு பொருள்.

அத்தோடு முடியவில்லை. 200 கிராமில் அந்தப் படையில் குழி 14 மைக்ரோன் வரும். விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டரை மூலைவிட்டம் தள்ளிப் போட வேண்டும் என்பது விக்கர்ஸ் நியமத்தின் விதி. அது 35 மைக்ரோன். பட்டியே 30 தான்! அதாவது அந்தச் சுமையில் அந்தப் பட்டியைச் சரியாக அளக்கவே வழியில்லை. 15 மைக்ரோனில் போட்டால் ஒரு பக்கம் தாங்க ஆளில்லாமல், துண்டைப் பதித்து வைத்திருக்கும் பேக்கலைட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

4.6 இன்னும் மோசம். பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள் படையின் கடினத்தன்மை 1530, யங்கின் மட்டு (விறைப்பு) 290 கிகாபாஸ்கல் என்று வைத்தால், 50 கிராமில் குழியின் பாதி மூலைவிட்டம் 3.9 மைக்ரோன். நீஹாரா சூத்திரத்தில் 4.6 வர வேண்டுமானால் மூலைக்கு வெளியே விரிசல் 0.6 மைக்ரோன்கூட இருக்கக்கூடாது. ஒளி நுணுக்குக்காட்டியில் 0.6 மைக்ரோன் விரிசல் என்பது ஒரு நிழல். "இருக்கிறது" என்றால் இருக்கிறது, "இல்லை" என்றால் இல்லை. அந்தச் சூத்திரமே விரிசல் பாதி மூலைவிட்டத்தின் கால்வாசியாவது இருந்தால்தான் செல்லும். இது ஏழில் ஒன்று.

இரண்டு ரிப்போர்ட்டும் பொய் என்று சொல்லவில்லை. சீல் வைத்ததெல்லாம் அளவாகிவிடாது, அவ்வளவுதான்.

கட்டுபெத்தைப் பழையவன் | புதன் இரவு 10:22

அக்கா, கணக்குக்கு ஒரு கும்பிடு. திசை பற்றியும் ஒன்று சேர்க்கிறேன்.

வெளிப் படையின் வெப்ப விரிவு உள் படையினதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. 900 பாகையில் இரண்டும் சமாதானமாக ஒட்டி வளர்கின்றன. ஆறும்போது வெளிப் படை கூடச் சுருங்கப் பார்க்கும், உள் படை விடாது. முடிவில் வெளிப் படை இழுவையிலும் உள் படை அமுக்கத்திலும் உறைந்து நிற்கும். இந்த இழுபறி எல்லைக்கோட்டில்தான் பொருக்குக் கழலும். கழன்று விழுந்த துண்டின் தடிப்பை மைக்ரோமீற்றரில் பாருங்கள். 30 மைக்ரோன் சுற்றி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

உள் படையில் உள்ள அமுக்கம் மேற்பரப்புக்கு இணையாக இருப்பதால், மேற்பரப்பை நோக்கி ஓடப் பார்க்கும் விரிசலை அது மூடிவிடும். இணையாக ஓடும் விரிசலை மூடாது. அதனால் ஒரே குழியில் இரண்டு விரிசல் நீளமாகவும் இரண்டு குட்டையாகவும் வரும். நான்கையும் கூட்டி நான்கால் வகுப்பது, வெள்ளவத்தையில் மழையையும் மன்னாரில் வெயிலையும் சராசரி எடுத்து "இன்று இலங்கையில் மப்பு" என்று சொல்வதைப் போன்றது. திசைக்கு ஓர் எண் என்று தனித்தனியே எழுத வேண்டும்.

இன்னொன்று. அன்ஸ்டிஸ் சூத்திரம் செல்ல, மையத்திலிருந்து விரிசல் நுனிவரை உள்ள நீளம் பாதி மூலைவிட்டத்தைப் போல இரண்டரை மடங்காவது இருக்க வேண்டும் என்பார்கள். "சுமையைக் கூட்டினால் வந்துவிடும்" என்று நினைப்பீர்கள். விரிசல் சுமையின் மூன்றில் இரண்டு அடுக்கில் வளரும், குழி அரை அடுக்கில். விகிதம் ஆறில் ஒரு அடுக்கில்தான் நகரும். விகிதத்தை இரட்டிப்பாக்கச் சுமை 64 மடங்கு! உள் படைக்கு 3.5 என்று வைத்துப் பார்த்தேன். 100 கிராமில் விகிதம் 1.3. இரண்டரைக்கு ஏற்ற வேண்டுமானால் நான்கரை, ஐந்து கிலோ வரும். அப்போது விரிசல் நுனிக்கு நுனி 190 மைக்ரோன். உங்கள் முழுப் படையே 120. ஆகவே இந்தப் படையில் அன்ஸ்டிஸ் ஒருபோதும் சட்டப்படி ஓடாது. மற்ற வகைச் சூத்திரங்கள் ஓடும். ஆனால் 100 கிராமின் அதே விரிசலை மூன்று சூத்திரத்தில் போட்டேன்: 3.5, 3.7, 4.0.

தூரத்துக் கொழும்பான் | வியாழன் அதிகாலை 2:14

இங்கே ஜெர்மனியில் நள்ளிரவுகூட ஆகவில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

விக்கர்ஸ் விரிசல் முறையை பீங்கான் ஆட்களே கைவிடச் சொல்லிவிட்டார்கள். ஜோர்ஜ் குவினும் ரிச்சர்ட் பிராட்டும் 2007 இல் எழுதிய கட்டுரை படித்தவர்களுக்குத் தெரியும். டஃப்னெஸ் ஏற்கெனவே நிச்சயமாகத் தெரிந்த சிலிக்கன் நைட்ரைட்டிலும் இந்த முறை ஒத்துவரவில்லை என்று காட்டி, டஃப்னெஸ் அளக்க இதைப் பாவிக்கவே வேண்டாம் என்று முடித்தார்கள். குழிக்கு அடியில் விரிசல் எப்படி நின்றது என்று நாங்கள் காணவில்லை, மேலே தெரிகிற கோட்டை மட்டும் அளக்கிறோம் என்பது அவர்களின் சண்டை.

இப்போது செய்கிற ஒழுங்கான வழி: அயன் கற்றையால் படைக்குள்ளேயே சில மைக்ரோன் நீளத்தில் ஒரு நுண்வளை (கூரை வளைபோல ஒரு குட்டி உத்திரம்) செதுக்குவது. ஒரு முனை படையோடு ஒட்டியிருக்கும், மறுமுனை அந்தரத்தில். வேரடியில் கற்றையாலேயே ஒரு கீறல் போட்டு, நானோ முனையால் மெல்ல அமுக்கி உடைப்பார்கள். உடைந்த விசை, வளையின் அளவு, கீறலின் ஆழம் தெரிந்தால் போதும். இன்னொரு வழி, உயரமும் விட்டமும் ஏறத்தாழச் சமமான குட்டித் தூண் செதுக்கி, நடுவில் கூர்முனையை அமுக்கிப் பிளப்பது. 2015 முதல் பேசப்படுகிறது. விரிசல் நீளத்தை அளக்கவே தேவையில்லை; பிளந்த விசையும் தூணின் ஆரையும் போதும். தூணைச் சுற்றி வெட்டியதால் உறைந்து நின்ற தகைப்பும் பெரும்பாலும் விலகிவிடும்.

குறை, கற்றையின் காலியம் வெட்டிய தோலுக்குள் புகுந்து அதையே கொஞ்சம் மாற்றிவிடும். அத்தோடு ஒரு தூண் ஓரிரண்டு படிக மணிகளின் கதையைத்தான் சொல்லும். ஓட்டுத் தகட்டுக்கு இது தேவையா என்று கேட்டால், இல்லை.

கொட்டாஞ்சேனை லேத் | வியாழன் காலை 6:48

தேவையில்லை என்று சொல்ல இவ்வளவு எழுதினீர்களா ராசா!

எனக்கு ஒரு கேள்வி. கடினத்தன்மை பார்க்கும் ரொக்வெல் மெசின் பஞ்சிகாவத்தையிலிருந்து ரத்மலானைவரை எத்தனையோ பட்டறையில் இருக்கிறது. 150 கிலோ, வைரக் கூம்பு. படையின் மேல் ஓர் அழுத்து அழுத்தி, சுற்றிவரப் பொருக்குக் கழன்றதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தால் போதாதா?

வெள்ளவத்தை மைக்ரோன் | வியாழன் காலை 8:10

அண்ணை, அதற்குப் பெயரே இருக்கிறது. ஜெர்மன் பொறியியலாளர் சங்கத்தின் 3198 ஆம் இலக்க வழிகாட்டி. 100 மடங்கு பெருக்கத்தில் பார்த்து ஆறு தரமாகப் பிரிப்பார்கள். குழியைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி மெல்லிய விரிசல் மட்டும் என்றால் முதல் தரங்கள். பொருக்குக் கழன்று அடி உருக்குத் தெரிந்தால் பின் தரங்கள். நான்குவரை பரவாயில்லை, ஐந்தும் ஆறும் தள்ளுபடி.

ஆனால் அது சில மைக்ரோன் பூச்சுக்கு, அடியில் நன்றாகக் கடினமான உருக்கு இருப்பதாக வைத்து எழுதியது. இங்கே 120 மைக்ரோன் படை, அடியில் சி45. அடி உருக்கு மெத்தைபோல உள்வாங்கும், மேல் படை பனிக்கட்டிபோல வளைந்து உடையும். ஆகவே "தரம் 3" என்று காகிதத்தில் எழுதாதீர்கள். நேற்றைய பெட்டி (தூளோடு ஒன்றாகச் சூடேற்றிய தொகுதி), இன்றைய பெட்டி என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட மட்டும், நான் முழு மனதோடு சம்மதம். டஃப்னெஸ் எண்ணைவிட அது உங்கள் கல் அடியைக் கிட்ட வந்து பார்க்கிறது.

கட்டுபெத்தைப் பழையவன் | வியாழன் இரவு 9:37

இவ்வளவு கதைத்தும் முக்கியமான கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சேர்த்து. 120 மைக்ரோன் எதற்கு?

மெல்லிய படையின் குறுக்கே விரிசல் ஓடத் தேவையான தகைப்பு, டஃப்னெஸைத் தடிப்பின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவதோடு போகும். பொருள் மாறாமல் தடிப்பைப் பாதியாக்கினாலே தாங்கும் தகைப்பு 1.4 மடங்கு. படை தடிக்கத் தடிக்க உள்ளே சேர்ந்திருக்கும் சக்தி கூடும், கழலவும் அதுதான் காசு கொடுக்கிறது. ரிப்போர்ட்டில் 2.9 ஐ 4.1 ஆக்கப் பாடுபடுவதும், தடிப்பைப் பாதியாக்குவதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். இரண்டாவதுக்குக் காசு மிச்சம்.

போரன் பரவல் நேரத்தின் வர்க்கமூலத்தில் போகும். பாதித் தடிப்புக்குக் கால் நேரம். 6 மணிக்குப் பதில் ஒன்றரை மணி. போரன் வலு குறைந்த தூளும் பாவித்தால் வெளிப் படை வராமலே தப்பலாம். தேய்மானத்துக்கு இருக்கிற இருப்பும் பாதியாகும், அதையும் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுங்கள். மூலைகளைப் போரைடிங்குக்கு முன்னரே உருட்டுங்கள். கூர் மூலையில் இரண்டு பக்கத்துப் படையும் முட்டி, தகைப்பு வெளிப்பக்கம் தள்ளும்.

பஞ்சிகாவத்தை நானா | வெள்ளி காலை 10:02

அப்போ டஃப்னெஸ் கேட்ட வாடிக்கையாளருக்கு என்ன பதில்? "தடிப்பைக் குறைத்தோம்" என்றா?

கட்டுபெத்தைப் பழையவன் | வெள்ளி காலை 10:20

ஆம். அதோடு சுமை, இடம், திசை, சூத்திரம் நான்கையும் எழுதி ஓர் எண்.

ரத்மலானைப் பட்டறை | ஏழு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு மாலை 4:15

நீண்ட நாளாக வரவில்லை. மின்வெட்டு, ஓடர், எல்லாம் சேர்ந்துகொண்டது.

கழன்று விழுந்த பொருக்குகளை முதலில் அளந்தேன். 28, 31, 30. கட்டுபெத்தைத் தம்பியின் எல்லைக்கோடு சரி.

பழைய துண்டைத் தங்கச்சி சொன்னபடி திரும்ப அளப்பித்தேன். உள் படையின் நடு, 100 கிராம், பன்னிரண்டு குழி, எலெக்ட்ரோன் நுணுக்குக்காட்டியில் விரிசல் அளவு. மேற்பரப்புக்கு இணையாக 3.4. செங்குத்தாகப் பாதிக் குழிகளில் விரிசலே வரவில்லை. அதனால் எண் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புதிய பெட்டி: ஒன்றரை மணி, வலு குறைந்த தூள், மூலையெல்லாம் உருட்டியது. படை 58 மைக்ரோன். கறுப்புப் பட்டி இல்லை, அங்கங்கே திட்டுத் திட்டாக மட்டும். அதே முறையில் டஃப்னெஸ் 3.5. ஏறவில்லை என்றே சொல்லலாம். ஆனால் ரொக்வெல் அழுத்தில் பழையதில் குழியைச் சுற்றி முழு வளையமாகக் கழன்றது, புதியதில் கதிர் விரிசல் மட்டும். தகடு போட்டு மூன்று கிழமை. விளிம்பு அப்படியே இருக்கிறது.

வெள்ளவத்தை மைக்ரோன் | ஞாயிறு மாலை 6:40

சந்தோஷம் அண்ணா. ஆனால் தடிப்பு, தூள், மூலை மூன்றையும் ஒரே பெட்டியில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது? எனக்கு இரவு நித்திரை வராது.

ரத்மலானைப் பட்டறை | ஞாயிறு இரவு 7:05

நாளைப் பெட்டியில் கூர் மூலையோடு ஒரு தகடும், பழைய தூளில் ஒன்றும் வைக்கிறேன். நேரம் இரண்டுக்கும் அதே ஒன்றரை மணி. வெட்டித் துண்டை உங்களுக்கே அனுப்பலாமா? 101 பஸ்ஸில் பையன் கொண்டுவந்து தருவான்.

வெள்ளவத்தை மைக்ரோன் | ஞாயிறு இரவு 7:11

அனுப்புங்கள். மறக்காமல் படைப் பக்கத்தில் ஒரு இரும்புத் தகட்டைச் சேர்த்து இறுக்கிவிட்டு வெட்டச் சொல்லுங்கள். போன முறை வெட்டியதில் விளிம்பு உருண்டுபோயிருந்தது.